அப்பா இறந்த தேதியும் மூன்று நீதிபதிகளின் தீர்ப்பும்

வாசகர் கேள்வி:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். தேனி மாவட்டத்தில் தாத்தா வழியில் வந்த நாலரை ஏக்கர் நஞ்சை எங்களுக்கு இருக்கிறது. எனக்கு 1986இல் கல்யாணம் ஆனது. அம்மா 1999இல் இறந்தார், அப்பா 2003இல். அப்பா உயில் எதுவும் எழுதவில்லை. அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். பங்கு கேட்டு 2017இல் சப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன், இன்னும் நடக்கிறது. 2005க்கு முன்பே அப்பா இறந்துவிட்டதால் 2015ஆம் வருடத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி எனக்குச் சமபங்கு கிடையாது என்கிறார் அண்ணனின் வக்கீல். 1998லேயே அப்பா வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். என் வக்கீலோ 2020 தீர்ப்பு இருக்கிறது, பயப்படாதீர்கள் என்கிறார். இரண்டும் ஒரே உச்ச நீதிமன்றம் சொன்னதுதானே? ஒரே கோர்ட் எப்படி இரண்டு விதமாகச் சொல்லும்? டெல்லியில் யாரோ போட்ட வழக்கு என் நிலத்துக்கு எப்படிப் பொருந்தும்? என் பெரியப்பா மகளுக்கும் இதே கதைதான். 2016இல் அவளுக்கு எட்டில் ஒரு பங்கு என்று தீர்ப்பாகி வழக்கு முடிந்துவிட்டது. அவளுக்கு இனி வழியே இல்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வக்கீல் சொல்வதுதான் சரி. மகளுக்கும் மகனைப் போலவே சமபங்கு என்று 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது 2015 தீர்ப்பு, அது அவசியமில்லை என்றது 2020 தீர்ப்பு. அப்பா 2003இல் இறந்தார் என்பதற்காக உங்கள் சமபங்கு போய்விடாது. ஆனால் அந்த 1998 வாய்மொழிப் பாகப்பிரிவினைக் கதையை நீங்கள் சாட்சியத்தால் எதிர்கொண்டே ஆக வேண்டும். 2020 தீர்ப்பு அதற்கும் உதவும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சண்டையில் உங்களுக்கு என்ன லாப நஷ்டம் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2015 தீர்ப்பு வழியே போனால், அப்பா இறப்பதற்கு முந்தைய கணத்தில் அவருக்கும் இரண்டு மகன்களுக்கும் இடையே பாகம் நடந்ததாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் அந்த மூன்றில் ஒன்றைத்தான் பிள்ளைகள் மூவரும் பிரித்துக்கொள்வீர்கள். உங்களுக்கு ஒன்பதில் ஒன்று, அதாவது 50 சென்ட். 2020 தீர்ப்புப்படி மூவருக்கும் சமம். உங்களுக்கு மூன்றில் ஒன்று, 150 சென்ட். இடையில் நிற்பது ஒரு ஏக்கர். உங்கள் அண்ணன் தரப்பு பழைய தீர்ப்பை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று இப்போது புரியும்.

டெல்லி வழக்கு தேனி நிலத்தைக் கட்டுப்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 141ஆவது பிரிவால். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அது. ‘அறிவிக்கும் சட்டம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வழக்கில் யாருக்கு எத்தனை பங்கு என்பது அந்தக் குடும்பத்தோடு முடிந்துவிடும். அந்தப் பங்கைத் தீர்மானிக்க நீதிபதிகள் சட்டத்துக்கு என்ன பொருள் சொன்னார்களோ அது மட்டும்தான் ஊர் ஊராகப் பயணம் செய்யும். அதைத்தான் முன்தீர்ப்பு என்கிறோம். கோர்ட்டில் எங்கள் பேச்சில் ‘ரூலிங்’. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இதே வலு உண்டு, ஆனால் எல்லை சிறியது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது தமிழ்நாட்டுக் கீழ்க்கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தும். கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை நம் நீதிபதி மதித்துப் படிப்பார், ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் இல்லை.

அப்படியானால் உச்ச நீதிமன்றமே இரண்டு விதமாகச் சொன்னது எப்படி? உச்ச நீதிமன்றம் என்பது ஒரே ஆள் அல்ல. பெரும்பாலான நாட்களில் அது இரண்டு இரண்டு நீதிபதிகளாகப் பிரிந்து வெவ்வேறு அறைகளில் வழக்குக் கேட்கிறது. இரு நீதிபதி அமர்வை மூன்று நீதிபதி அமர்வு கட்டுப்படுத்தும், மூன்றை ஐந்து கட்டுப்படுத்தும். சம எண்ணிக்கை என்றால் முந்தைய அமர்வு சொன்னதைப் பிந்தைய அமர்வு ஏற்க வேண்டும். ஏற்க முடியாவிட்டால், தானாக மாற்றிச் சொல்லாமல், பெரிய அமர்வுக்கு அனுப்பும்படி தலைமை நீதிபதியிடம் விட வேண்டும். இதை ஐந்து நீதிபதிகள் அமர்வு தாவூதி போரா சமூக வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த ஒழுங்கு தவறும்போதுதான் உங்களைப் போன்றவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989லேயே திருத்தி, மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு கொடுத்தது. ஆனால் 25.3.1989க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை. உங்கள் கல்யாணம் 1986, எனவே அந்தக் கதவு மூன்று வருடத்தில் தவறிப்போனது. அதே சட்டத்துக்கு மத்திய அரசின் திருத்தம் 9.9.2005இல் அமலுக்கு வந்தது. கல்யாணம் எப்போது ஆனது என்ற கேள்வியே அதில் இல்லை. பங்குரிமையர் (கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு உள்ளவர்) ஒருவரின் மகள், மகனைப் போலவே, பிறப்பாலேயே பங்குரிமையர் ஆகிறாள் என்கிறது திருத்தப்பட்ட 6ஆவது பிரிவு. ‘இந்தச் சட்டம் தொடங்கியது முதல்’ என்றும் சொல்கிறது. ‘பிறப்பாலேயே’ என்பது பின்னோக்கி இழுக்கிறது, ‘தொடங்கியது முதல்’ என்பது முன்னோக்கி இழுக்கிறது. பதினைந்து வருடக் குழப்பத்துக்கு விதை ஒரே வாக்கியத்தில் இருந்தது.

2015 அக்டோபரில், கர்நாடகத்திலிருந்து போன பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள் ஒரு பொருள் சொன்னார்கள். 9.9.2005 அன்று தந்தையும் உயிரோடு இருக்க வேண்டும், மகளும் உயிரோடு இருக்க வேண்டும், அப்போதுதான் சமபங்கு. அந்த வழக்கில் தந்தை 1988லேயே இறந்துவிட்டார். 2018 பிப்ரவரியில், அதுவும் கர்நாடக வழக்குதான், தானம்மா எதிர் அமர் வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள் புலாவதி தீர்ப்பை மேற்கோள் காட்டினார்கள், தவறு என்று சொல்லவில்லை. ஆனால் 2001இல் இறந்த தந்தையின் மகள்களுக்கு மகன்களோடு சமமாக ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தார்கள். அதே வருடம் ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கான மங்கம்மாள் எதிர் டி.பி. ராஜு தீர்ப்பு மறுபடி புலாவதி வழிக்கே போனது. மூன்றுமே இரண்டு நீதிபதிகள் அமர்வு.

அந்த நாட்களில் சப் கோர்ட்டில் நின்று பார்த்திருந்தால் உங்களுக்கு மனம் கொதித்திருக்கும். வாதி வக்கீல் தானம்மாவைக் கொடுப்பார், எதிர்வாதி வக்கீல் புலாவதியைக் கொடுப்பார். எந்தப் பக்கம் தீர்ப்பெழுதினாலும் மேல்முறையீட்டில் அடிபடலாம் என்ற நிலையில் நீதிபதி வாய்தா போடுவார்.

2016இல் என்னிடம் வந்த ஒரு பெண்மணியை நான் மறக்கவே இல்லை. அப்பா 1997இல் இறந்திருந்தார். மஞ்சள் பையில் கிஸ்தி ரசீதுகளைக் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டு வந்திருந்தார். புலாவதி தீர்ப்பு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. சட்டம் இப்படி இருக்கிறது, சமபங்கு கிடைக்காது என்று விளக்கினேன். அவர் கேட்டார்: “அப்பா இன்னும் எட்டு வருஷம் இருந்திருந்தா எனக்குப் பங்கு உண்டு, இல்லைன்னா இல்லையா? நான் அவருக்குப் பொறந்தவதானே, அவர் செத்த தேதிக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?” அன்று என்னிடம் பதில் இல்லை.

அவருக்குப் பதில் 11.8.2020 அன்று வந்தது. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா. அந்தக் குடும்பத்தில் தந்தை 1999 டிசம்பரில் இறந்திருந்தார். டெல்லி உயர் நீதிமன்றம் அப்போதிருந்த முரண்பாட்டை வெளிப்படையாகப் பதிவு செய்து, புலாவதியைப் பின்பற்றி மகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கூடவே, இது உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டிய கேள்வி என்று மேல்முறையீட்டுக்குச் சான்றும் கொடுத்தது. இந்த இடத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தன் கை கட்டப்பட்டிருக்கும்போது ஒரு நீதிமன்றம் செய்யக்கூடிய நேர்மையான காரியம் அதுதான். கேள்வி மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, எஸ். அப்துல் நசீர், எம்.ஆர். ஷா. ஒரே கேள்வியுள்ள பல மேல்முறையீடுகளைச் சேர்த்துக் கேட்டார்கள்.

அவர்கள் பிடித்துக்கொண்ட நூல் அந்த மஞ்சள் பை அம்மாள் பிடித்த அதே நூல். பழைய தர்மசாஸ்திரச் சொல்லில் இது ‘அப்ரதிபந்த தாயம்’, தடையில்லாத உரிமை. ஒருவர் இறந்தால்தான் வருகிற வாரிசுரிமைக்கு அவரது உயிரே தடை. பிறப்பால் வரும் பங்குரிமைக்கு அந்தத் தடை இல்லை. மகனுக்கு அப்படி வருகிறது என்றால், மகனைப் போலவே என்று சட்டம் சொன்ன மகளுக்கும் அப்படித்தான். எனவே தந்தை 9.9.2005 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 1956 சட்டத்தின் அந்தக் கற்பனைப் பாகம், இறந்தவரின் பங்கைக் கணக்கிட மட்டும்தான். உண்மையில் குடும்பம் பிரிந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை. புலாவதியும் மங்கம்மாளும் செல்லாது, தானம்மாவில் முரண்படுகிற பகுதியும் செல்லாது என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள். முரண்பட்ட தீர்ப்புகளால் வழக்குகள் ஏற்கெனவே தாமதமாகிவிட்டன, நிலுவையில் உள்ளவற்றை முடிந்தவரை ஆறு மாதத்தில் முடியுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். உங்கள் வழக்கு இன்னும் நடப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

2020இல் வந்த தீர்ப்பு 2003 மரணத்துக்கு எப்படிப் பொருந்தும் என்றும் அண்ணன் தரப்பு கேட்கக்கூடும். நீதிமன்றம் 2020இல் புதுச் சட்டம் போடவில்லை. 2005இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே இதுதான் பொருள் என்று சொல்கிறது. இனிமேல் வரும் வழக்குகளுக்கு மட்டும் என்று நீதிமன்றமே வரம்பு கட்டினால் ஒழிய, அது நடந்துகொண்டிருக்கும் எல்லா வழக்குக்கும் பொருந்தும். அப்படி வரம்பு கட்டும் வழக்கம் 1967இல் கோலக்நாத் வழக்கில் தொடங்கியது, அபூர்வமாகத்தான் நடக்கும். வினீதா சர்மாவில் அப்படி வரம்பு எதுவும் இல்லை.

இந்தக் குழப்பம் நிலத் தகராறுக்கு மட்டும் சொந்தமல்ல. விபத்தில் இறந்தவரின் எதிர்கால வருமான உயர்வைக் கணக்கில் எடுக்கலாமா என்பதில் 2013லேயே மூன்று நீதிபதிகள் கொண்ட இரண்டு அமர்வுகள் இரு வழியில் போயின. 31.10.2017 அன்று பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து முடித்துவைத்தார்கள். நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழில்காரர் என்றால் வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டிக் கணக்கிடு என்று எண்ணாகவே கொடுத்துவிட்டார்கள். கொத்தனாரின் மனைவிக்கும் கடைக்காரரின் மனைவிக்கும் இன்று ஒரே அளவுகோல்.

சரி, இனி தீர்ப்பைப் படிக்கும் முறைக்கு வருகிறேன். வினீதா சர்மா வந்த நாளில் ‘மகள் வாழ்நாள் முழுக்க மகள்’ என்ற வரியைத்தான் செய்திகள் எல்லாம் போட்டன. கேட்க நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த வரி உங்களுக்கு ஒரு சென்ட் கூட வாங்கித் தராது. வாங்கித் தருவது 129ஆம் பத்தி. சட்டக் கேள்விக்கு வரிசையாகப் பதில் எழுதியிருப்பது அங்கேதான். எந்தத் தீர்ப்பிலும் முடிவுக்கு வர அவசியமாக இருந்த காரணம்தான் கட்டுப்படுத்தும். போகிற போக்கில் சொன்ன கருத்து, நல்ல கருத்தாகவே இருந்தாலும், அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தாது. அதேபோல், எதிர்த்தரப்பு ஏதாவது உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டி ‘இதோ தள்ளுபடி செய்துவிட்டார்கள்’ என்றால், எத்தனை வரி என்று பாருங்கள். மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் ஒரே வரியில் தள்ளுபடி செய்வது சட்டத்தை அறிவிப்பதாகாது. 2000இல் குஞ்ஞயம்மது வழக்கில் இதையும் மூன்று நீதிபதிகள் சொல்லியாகிவிட்டது.

இப்போது அந்த 1998 விஷயம். முன்தீர்ப்பு சட்டத்தைத் தெளிவாக்கும், உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. 20.12.2004க்கு முன் முறையாக நடந்த பாகப்பிரிவினையை 2005 சட்டம் தொடவில்லை. மசோதா மாநிலங்களவையில் வைக்கப்பட்ட நாள் அது. ஆனால் பாகப்பிரிவினை என்றால் பதிவான பத்திரம் அல்லது கோர்ட் தீர்ப்பாணை என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. வெறும் வாய்ச்சாட்சியை மட்டும் வைத்து ‘அப்பவே பிரிச்சாச்சு’ என்று சொன்னால் நேரடியாக நிராகரிக்க வேண்டும் என்கிறது வினீதா சர்மா. விதிவிலக்காக, அரசு ஆவணங்கள் வலுவாகத் துணை நின்றால் மட்டும் வாய்மொழிப் பாகத்தை ஏற்கலாம். எனவே தாசில்தார் அலுவலகத்துக்குப் போய் 1998 முதல் 2004 வரை பட்டா, சிட்டா, அடங்கல் யார் பெயரில் இருந்தது என்று நகல் வாங்குங்கள். 2003 வரை அப்பா பெயரிலேயே ஒரே பட்டாவாக இருந்திருந்தால் அவர்கள் கதை நிற்காது. அண்ணன், தம்பி பெயரில் 1998லேயே உட்பிரிவாகித் தனித்தனிப் பட்டா வந்திருந்தால், இப்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், குறுக்கு விசாரணையில் அவர் முதல்முறையாகக் கேள்விப்படக் கூடாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நீங்கள் எப்போதாவது கையெழுத்துப் போட்டீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண்கள் பலர் ‘லோனுக்கு’ என்று சொன்னதை நம்பிப் பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் விசாரியுங்கள். ‘தாத்தா வழியில் வந்த’ என்கிறீர்கள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலமா? அவர் 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்தாரா? இரண்டுக்கும் ஆம் என்றால், வாரிசாக உங்கள் அப்பாவுக்கு வந்த பங்கு அவரது தனிச்சொத்து. 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அப்படியானால் அப்பா உயில் எழுதாமல் இறந்ததால் 8ஆவது பிரிவின்படி பிள்ளைகள் மூவருக்கும் நேரடியாகச் சமபங்கு வந்துவிடும், 2005ம் 2020ம் தேவையே இல்லை. உங்கள் பிராதில் இந்த மாற்று வாதம் இல்லையென்றால், சேர்க்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். மூலப்பத்திரத்தைத் தேடி எடுக்காமல் இதைச் சொல்ல முடியாது.

கோர்ட்டில் ரூலிங் கொடுக்கும்போது தீர்ப்பு முழுவதையும் கட்டாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் போதாது. 129ஆம் பத்தி உள்ள பக்கத்தில் சீட்டு வைத்து, அதனோடு ஒரு தாளில் உங்கள் தேதிகளை எழுதித் தரச் சொல்லுங்கள்: கல்யாணம் 1986, அப்பா மரணம் 2003, வழக்கு 2017, பதிவான பாகப்பத்திரம் எதுவும் இல்லை. நீதிபதி முதலில் கேட்பது ‘எத்தனை பேர் அமர்வு?’ என்பதாகத்தான் இருக்கும். மூன்று என்ற பதிலோடு, புலாவதி செல்லாது என்று அதிலேயே இருக்கும் வரியையும் காட்டிவிட்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது. அதையும் மீறித் தீர்ப்பு எதிராக வந்தால் மேல்முறையீட்டில் அதுவே உங்கள் முதல் காரணம்.

கடைசியாக உங்கள் பெரியப்பா மகள். கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இவர்தான். உண்மையிலேயே முடிந்துபோன வழக்கைப் பிற்பாடு வந்த தீர்ப்பைக் காட்டித் திறக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 47ஆவது கட்டளை, சட்டத்தின் பொருள் வேறொரு வழக்கில் பிறகு மாறியது என்பது மறுஆய்வுக்குக் காரணமாகாது என்று விளக்கமாகவே சொல்கிறது. காலம் கடந்த மேல்முறையீட்டுக்கும் அது போதிய காரணமாக ஏற்கப்படுவதில்லை.

ஆனால் ‘முடிந்துவிட்டது’ என்று அவர் சொல்வது சரிதானா? எட்டில் ஒரு பங்கு என்று வந்தது பெரும்பாலும் முதனிலைத் தீர்ப்பாணையாகத்தான் இருக்கும். பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்வது அது. நிலத்தை அளந்து, கமிஷனர் வந்து, இந்த வரப்பு வரை இன்னாருக்கு என்று பிரிப்பது இறுதித் தீர்ப்பாணையில். நிறையப் பேர் முதல் தீர்ப்பாணையோடு களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இறுதித் தீர்ப்பாணை ஆகும் வரை பாக வழக்கு உயிரோடு இருக்கிறது. அதைக் கேட்டு மனுப் போடக் காலவரம்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009லேயே சொல்லியிருக்கிறது. முதனிலைத் தீர்ப்பாணை ஆகிவிட்டிருந்தாலும், இறுதித் தீர்ப்பாணை நடவடிக்கையில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுக்க வேண்டும் என்பது வினீதா சர்மாவின் 129ஆம் பத்தியிலேயே இருக்கிறது.

அவரிடம் வழக்கு எண்ணைக் கேட்டு, கோர்ட்டின் நகல் பிரிவில் 2016 தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். நகல் கைக்கு வந்ததும் அதில் ‘முதனிலை’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே உங்கள் வக்கீலைப் பாருங்கள்.